மா படாத சோளப்பொரி உருண்டை

மேல்பிரிவு லயம்,
கொட்டகலை.

அன்புள்ள மகன் அழகனுக்கு,

அம்மா எழுதுவது. கொழும்பில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாளைக் கும்பிட்டு எழுதுகிறேன், இங்கே நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் தந்தி கிடைத்தது, பிள்ளைக்கு எப்படி இப்படி ஆனது என்று கேட்டு எழுதியிருந்தாய். தீபாவளிக்கு முதல் நாள் வீட்டில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஒருவரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன், உன் பெண்சாதி அம்மாக்கண்ணு இருந்தாள், உன் மகள் நாகலெட்சுமி, உன் அத்தை பேச்சியம்மா, பஜாரில் கடை வைத்திருக்கும் மீராசாஹிபின் மனைவி ரபீக்கா. வேறு ஆள் கிடையாது.

கண்டி பெரிய டாக்டர் நாகலெட்சுமியின் உப்பிய வயிற்றை அழுத்திப் பார்த்து, கோதுமை மாதான் இவளுக்கு எதிரி, ரொட்டி, பாண், பிஸ்கட் ஒன்றும் கூடாது, ஒரு சிட்டிகை மாவும் உள்ளே போகக் கூடாது என்று சொன்னபோது நானும் அம்மாக்கண்ணுவும் பக்கத்தில் நின்றோம். அன்றிலிருந்து மாவை நிறுத்தினோம், வயிற்றுப்போக்கு நின்றது, வயிறு வற்றியது, கன்னத்தில் சதை பிடித்தது, லயத்து வீடுகளின் வாசல் நெடுக ஓடினாள். தோட்டத்து ஆபீஸில் ரேஷனுக்கு அளந்து போடுவதில் பாதிக்கு மேல் மாதான் என்பது உனக்குத் தெரியும். மாவுக்குப் பதிலாக அரிசி கொடுங்கள் ஐயா என்று பெரிய கிளாக்கர் முன்னால் போய் நின்றேன், ஒம் பேத்திக்கு மட்டும் தனிச் சட்டமா கெழவி, போ போ என்றார், அந்த முகம் எனக்கு மறக்காது. நானும் அம்மாக்கண்ணுவும் மூன்று வேளையும் ரொட்டியைத் தின்றுவிட்டு அரிசியைப் பிள்ளைக்கு வைத்தோம்.

போன தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைகள் எல்லாம் மாப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு திரிந்தபோது இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கேட்கவே இல்லை, அதுதான் என்னை அறுத்தது. இந்த வருசம் இவளும் நாலு பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தின்ன வேண்டும் என்று ரபீக்காவிடம் சொன்னேன். சோளம் இருக்கையில எதுக்குக் கவலை வீரம்மாக்கா, அடுப்பு மூட்டத் தெரிஞ்சாப் போதும் என்று அவள் கடையிலிருந்து காய்ந்த சோளமும் கருப்பட்டியும் கலர் கலராக மணி மணியான பல்லிமுட்டாயும் கொண்டுவந்தாள். முட்டாயில் மா தூவியிருப்பார்களோ என்று பயந்தேன், செய்கிற ஆளிடமே மீராசாஹிப் கேட்டுவிட்டாராம், வெறும் சீனியும் சாயமும்தானாம். சட்டியில் எண்ணெய் விட்டுச் சோளத்தைப் போட்டு மூடினாள், அது பட படவென்று வெடிக்கவும் உன் மகள், அப்பாயி, உள்ள யாரோ சண்டை போடுறாங்க என்றாள். ஆமாடி, ஒங்க அப்பாயியும் பேச்சியம்மாவும்தான் என்றாள் ரபீக்கா. நான்கூடச் சிரித்துவிட்டேன், பேச்சியம்மா சிரிக்கவில்லை. கருப்பட்டிப் பாகு கம்பி பதம் வந்ததும் பொரியைக் கொட்டிக் கிளறி, பல்லிமுட்டாயையும் போட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சூட்டோடு உருட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

பாதி உருட்டியதும் ரபீக்கா கடைக்குப் போய்விட்டாள். அம்மாக்கண்ணு பிள்ளைக்குத் தலை வாரப் போனாள், நான் தண்ணீர் பிடிக்கப் பீலிக் குழாய்க்குப் போனேன். உன் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் இலை போடாமல் விட்ட பேச்சியம்மாவை நம்பி மிச்சத்தை விட்டுப் போனேன் பார். திரும்பி வந்தபோது எல்லாம் தட்டில் வரிசையாக இருந்தது, கருப்பட்டி நிறத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளை லயம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தாள், ராணி மாதிரி நடந்தாள். மிச்சத்தை டப்பாவில் வைத்து, மா படாததுடி, தைரியமாத் தின்னு என்று தினமும் நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன். பிறகு வாந்தியும் போக்கும் பிடித்துக்கொண்டது, கழுத்து நிற்காமல் துவண்டுவிட்டாள், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் பேச்சியம்மா வாயைத் திறந்தாள். பாகு கையில ஒட்டுச்சு மதினி, ரொட்டிக்குத் தொடுற மாதிரி மாவைத் தொட்டுத் தொட்டு உருட்டினேன் என்றாள். மறந்துபோயா தொட்டாய் என்றேன். மறக்கல மதினி. ஒரு நாளைக்குத் தின்னா ஒண்ணும் ஆகாது, அம்மாவுக்குத்தான் வீண் பயம், நாமெல்லாம் ரொட்டி தின்னு வளரலையான்னு ஆடித் திருவிழாவுக்கு வந்தப்ப ஒங்க மகன்தானே சொன்னான் என்றாள். என் பிள்ளை மேல் பழி போடுகிறாயா என்று அவள் கொண்டையைப் பிடிக்கப் போனேன். அம்மாக்கண்ணு குறுக்கே வந்து, என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு அத்தை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

இப்போது வாந்தி நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை எதையும் தின்ன வாயைத் திறப்பதில்லை. அரிசிக் கஞ்சி கொண்டுபோனேன், குனிந்து மோந்து பார்த்தாள். வெறும் அரிசிதான் கண்ணு என்றேன். அன்னைக்கும் அப்படித்தான சொன்னீங்க அப்பாயி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாக்கண்ணு ஊட்டினாலும் வேண்டாம், ரபீக்கா கொண்டுவந்த பாலும் வேண்டாம். தின்றால்தான் பிழைக்கும் என்று நர்ஸ் சொல்கிறாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முன்னால் நானே முதலில் குடித்துக் காட்டினேன், ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதே என்றாள்.

பேச்சியம்மா தினமும் வந்து கட்டில் ஓரத்தில் நிற்கிறாள், நான் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. அவளுக்கு அறிவு அவ்வளவுதான், என்றைக்காவது பேசிவிடுவேன். நீ லீவு கேட்டுக்கொண்டு இருக்காதே, கடிதம் கண்டதும் ரயில் ஏறு, உன் கையாலாவது தின்பாளா என்று பார்க்க வேண்டும். வழியில் பாண் தின்றால் கையை நன்றாகக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடு. மழையில் நனையாதே. மாரியம்மாள் உனக்கு ஆயுசையும் பலத்தையும் கொடுக்கட்டும், மனசாரத்தான் சொல்கிறேன். ஆனால் பிள்ளை எழுந்து ஓடினாலும் நான் சாகிறவரைக்கும் மன்னிக்காத ஆள் ஒருவன் உண்டு, அது நீதான் அழகா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வீரம்மா