அண்ணாச்சி என் புத்தகத்தை வாசித்த சனிக்கிழமை

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் ஷாமுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் இங்கன சுகமாயிருக்கிறேன், பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், முட்டுவலிகூட இந்த வாரம் எட்டிப்பார்க்கவில்லை. பெர்த்தில் நீயும் விஜிலாவும் நல்லா இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு. முதலில் சந்தோஷ சமாசாரம், நாம் ஜெயித்துவிட்டோம். நாம் என்றுதான் எழுதியிருக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது.

துறைமுக ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள் ரிட்டயர்டு ஆகி விடலைப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறாளே என்று முதல் இரண்டு புத்தகத்துக்கும் எல்லாரும் மெச்சினார்கள். மூன்றாவதாக ‘அனிஷின் மனு’ வந்ததும் அத்தனை பேர் முகமும் மாறிவிட்டது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற அப்பா மேல் பதினாலு வயசுப் பையன் போலீஸில் மனு கொடுக்கிறான், கதை இவ்வளவுதான். அதற்கு வாட்ஸ்அப்பில் என்னை ஏசாத ஏச்சில்லை, கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வேறு பெஞ்சுக்குப் போனார்கள், நாசரேத்திலிருந்து உன் பெரியப்பா தேவபிரசாதம் இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லியனுப்பினார். இங்குள்ள பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த என் மூன்று புத்தகத்தையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அதெல்லாம் போகட்டும் என்று இருந்தேன். செத்துப்போன அப்பா பேரை ஏம்மா கெடுக்கீங்க, உங்க பேரைப் போடாம வேற பேர்லயாவது எழுதியிருக்கலாமே என்று நீ கேட்டாய் பார், அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று அந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். உன் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன், பயந்தது வெளியே தெரியக்கூடாதே. லாரி ஆபீஸ் வைத்திருக்கிற வன்னியபெருமாள் அண்ணாச்சிதான் எதிர்க்கட்சி. பெத்த அப்பனை ஸ்டேஷன்ல ஏத்துதான், இதைப் படிச்சா எந்தப் பிள்ளை அப்பனை மதிக்கும் என்று மேஜையைத் தட்டினார். நான் எழுந்து, அண்ணாச்சி புத்தகத்தை வாசிச்சீங்களா என்று கேட்டேன். போன்ல ஒரு பக்கம் வந்துச்சு என்றார். அவர் கோயில் கொடைத் திருவிழாவில் மைக் பிடிக்கிறவர், நல்ல கணீர்க் குரல். அந்தக் குரலால இதை வாசிச்சுக் காட்டுங்க, தப்பு எங்கன இருக்குன்னு எல்லாரும் கேட்கட்டும் என்று நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். சோற்றுத் தட்டு சுவரில் விழுந்த பிறகு பையன் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்குகிற இடம் அது. சத்தமாக ஆரம்பித்தவர் போகப்போகத் தணிந்து வாசித்தார், பக்கம் முடிந்ததும் நிறுத்தினார். அப்போது பின்னாலிருந்து பேபி என்கிற அம்மா, மீன் ஏலக்கூடத்தில் வேலை, நிறுத்தாதீங்க அண்ணாச்சி, அடுத்த பக்கத்தையும் வாசிங்க என்றாள். அவர் வாசித்தார். ஷாம், பதினோரு பக்கம் வாசித்தார், ஒரு நாற்காலி நகரவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடாமலே என்னைப் பார்த்து, ஏம்மா, அந்தப் பய ஸ்டேஷனுக்குள்ள போனானா இல்லையா என்று கேட்டார். வாங்கிப் படிங்க அண்ணாச்சி என்றேன். கூட்டம் முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். புத்தகத்தைத் திரும்ப நூலகத்தில் வைக்கலாமா என்று கை தூக்கச் சொன்னபோது வேண்டாம் என்றது நாலே பேர், அதில் அவர் இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அங்கேயே பீரோவைத் திறந்தார்கள். முதலில் பேர் பதிந்து எடுத்துப்போனது அண்ணாச்சி மகள். வாசலில் பேபி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கதையில வார அம்மா கடைசில நல்லா இருக்காளா என்று மட்டும் கேட்டாள். நல்லா இருக்கா என்றேன்.

இப்போது, ‘நாம்’ என்று எழுதிய காரணம். உன் அப்பா கெட்டவர் என்று நான் எழுதவில்லை, உனக்கு டைபாய்டு வந்தபோது மழையில் நனைந்து மருந்துக்கு அலைந்ததும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் உனக்குப் பதினாலு வயசில் ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல்வரை போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தாயே. எதிரே டீக்கடை வைத்திருந்த ஜேசுபாதம் அண்ணாச்சி அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் உன்னிடம் நான் கேட்கவில்லை, நீ அதை அவமானமாக வைத்திருப்பாய் என்று பயம். ஏலே, உள்ளே போகாததைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்காக ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் போனானே, அந்தத் தைரியத்தில்தான் மறுநாள் நான் உன் அப்பாவிடம் முதல்முறையாக எதிர்த்துப் பேசினேன், அதற்குப் பிறகு அவர் கை ஓங்கவில்லை. இது உனக்குத் தெரியாது.

குளிர் காலத்தில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே. விஜிலாவிடம் சண்டை போட்டால் நீயே முதலில் பேசு. கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. மறக்காமல் ஒன்று, புத்தகம் இரண்டாம் பதிப்பு வருகிறது, முதல் பக்கத்தில் ‘ஸ்டேஷன் வாசல்வரை போன என் மகன் ஷாமுக்கு’ என்று போடச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றால் மட்டும் போன் பண்ணு.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
எழுத்தாளர் ஜெயஷீலா