கசப்பைத் தின்னும் கிருமி

மார்ச் 3
அத்தானிடமிருந்து போன். தோட்டத்தில் பதினோராவது வரிசையிலும் மரப்பட்டை வெடித்துப் பழுப்பு நீர் வடிகிறதாம். "நீ சொல்லித்தானே நட்டேன்? பட்டை கசப்பு, எந்தக் கிருமியும் கிட்ட வராதுன்னியே?"
அந்த ரகத்தை உருவாக்கியவளே நான்தான். ஆறு வருட வேலை.

மார்ச் 5
நேரில் பார்த்தேன். வேலியோரம் நிற்கும் பழைய ரகத்துக்குக் கசப்பு பாதிகூட இல்லை. அதில் ஒரு புண் இல்லை. தலைகீழாக அல்லவா இருக்கிறது?

மார்ச் 11
புண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்ப்புத் தட்டில் இட்டு, பட்டைச் சாற்றைக் கொடுத்தேன். சாக வேண்டும். சாறு இல்லாத தட்டைவிடச் செழிப்பாக வளர்ந்திருக்கிறது! தட்டுகளை மாற்றி வைத்துவிட்டேனோ?

மார்ச் 13
மாற்றவில்லை. அதேதான். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதா?

மார்ச் 14
பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "கொசுவர்த்தியத் தின்னு கொழுத்த கொசு மாதிரி இருக்கே! சரி, அந்தச் சாறு என்ன ஆச்சுன்னு பாத்தியா?"
பார்க்கவில்லை. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மார்ச் 17
சாற்றில் கசப்புப் பொருளே இல்லை. இரண்டே நாளில் உடைத்துத் தின்றிருக்கிறது. மரம் விஷம் என்று சுரந்தது அதற்குச் சோறு. நான் ஆறு வருடமாகப் பந்தி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20
கசப்பை உடைக்கும் அந்த ஒரு மரபணுவை முடக்கிய பாக்டீரியாவை பத்து நாள் முன் இளங்கிளையைக் கீறி ஏற்றியிருந்தோம். கீறல் ஆறிவிட்டது. முடக்காததை ஏற்றிய கிளை கருகிவிட்டது. இனிச் சந்தேகமில்லை.
ஆய்வகத் தலைவர்: "அடுத்த மாசம் நூறு தோட்டத்துக்கு இந்த ரகக் கன்று போகுது. இன்னும் ஒரு வருஷம் பாத்துட்டுச் சொல்லலாமே."
தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

ஏப்ரல் 21
அக்காவிடம் அழுதேன். "உள்ளதச் சொல்லிடுடி. உங்க அத்தான் ரெண்டு நாள் முகத்தத் தூக்கி வச்சுப்பாரு. மரம் போனதுக்கு மேல என்ன போயிடும்?"

ஏப்ரல் 22
கன்று கொடுக்கக் கூடாதென்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 25
தோட்டத்தில் அத்தானிடம் எல்லாம் சொன்னேன். கொட்டகைக்குப் போய் ரம்பத்தை எடுத்துவந்தார். பிறகு, "எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"
காட்டினேன். மதியத்துக்குள் நான்கு வரிசை சாய்ந்தது. கிருமி அடுத்த மரத்துக்குத் தொற்றாமலிருக்க, ஒவ்வொரு மரத்துக்கும் பிறகு ரம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் துடைத்தார்.