தூசி உறிஞ்சும் மெஷின் என்று சொன்னேன்

அண்ணி,

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு மிக்ஸி கருகிப்போனது. வார்னிஷ் எரிகிற அந்த வாடை சுவரைத் தாண்டி எங்கள் சமையல்கட்டுக்குள் வந்தது. மோட்டார் காயில் கருகும் வாடை. கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடைக்கு எனக்கு முதலில் வருவது வெட்கம்தான். அதன் பிறகுதான் நீங்கள் வருகிறீர்கள்.

எழுபதுகளில் நான் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்தபோது, நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த உங்கள் வீட்டுக்காரரோடு பிரான்சில் குடியிருந்தீர்கள். என் குறட்டையைப் பற்றி உங்களுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வந்த மருமகள் குறட்டை விடுகிறாள் என்று கடல் தாண்டியா எழுதுவார்கள்? மகள் பிறந்த பிறகு எனக்கு உடம்பு போட்டது, குறட்டையும் கூடியது. உங்கள் தம்பி தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை. விடிந்தால் மில்லில் ஷிப்டு, அவரும் தூங்க வேண்டுமே. அவர் விரித்த பாயைப் பால்காரம்மா வருவதற்குள் நானே சுருட்டி மூலையில் வைத்துவிடுவேன். புருஷன் கூடத்தில் படுக்கிறார் என்று தெருவுக்குத் தெரியக் கூடாது.

எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இருக்காது. பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் கண் சொருகும் என்று நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். அப்படியும் ஒரு நாள் கட்டுரை நோட்டு திருத்தும்போது அசந்துவிட்டேன். விழித்தால் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் ‘ரைஸ் மில் டீச்சர்.’ டாக்டரிடம் போனேன். உடம்பைக் குறையுங்கள் என்றார். குறைத்துக்கொண்டுதான் இருந்தேன், குறட்டை குறையவில்லை.

எண்பதுகளின் நடுவில் மாமா இறந்தார். பெற்ற அப்பாவின் அடக்கத்துக்கு உங்களால் வந்து சேர முடியவில்லை, காரியத்துக்கு முன்தினம்தான் வந்தீர்கள். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் உங்கள் வீட்டுக்காரரும் அங்கே திடீரென்று இறந்திருந்தார். இரண்டு துக்கத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வாசலில் இறங்கினீர்கள். பெண்கள் எல்லோரும் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். “அப்பா மூஞ்சியக்கூடப் பாக்காம போயிட்டனே” என்று நீங்கள் கதறிக்கொண்டிருந்தீர்கள். நானும் அழுதேன். அழுத அசதியில் சுவரில் சாய்ந்தேன்.

உங்கள் தம்பி தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் விழித்தேன். அழுகை நின்றிருந்தது. என் குறட்டைதான் நிறுத்தியிருக்கிறது. யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “மாமனார் செத்ததுக்கு மருமவ நல்லாத்தான் தூங்குறா” என்றார் உங்கள் பெரியம்மா. எழுந்து சமையல்கட்டுக்குள் போனவள், அன்று முழுவதும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம், யார் கண்ணிலும் படாமல் மளிகைச் சாமான் வைக்கிற அறையில் போய்ச் சுருண்டு படுத்திருந்தேன். கண் திறந்தபோது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் உள்ளங்கை என் நெஞ்சின் மேல் இருந்தது. பதறி எழுந்தேன்.

“படு சாந்தி. எழுந்திரிக்காத.”

“மன்னிச்சிடுங்க அண்ணி. அன்னிக்கி நான் வேணும்னு...”

“அத வுடு. நீ குறட்டை வுடுறியே, நடுவுல சத்தமே இல்லாம போயிடுது, தெரியுமா? அப்போ உனக்கு மூச்சு நிக்குது. அப்புறம் முட்டிக்கிட்டு வருது. எங்க வூட்டுக்காரருக்கும் இதேதான். இது வியாதிம்மா. சோம்பேறித்தனம் இல்ல.”

அதுவரை எல்லோரும் என் சத்தத்தைத்தான் கேட்டிருந்தார்கள். சத்தம் நின்ற இடத்தை நீங்கள்தான் கேட்டீர்கள்.

அடுத்த முறை வந்தபோது அந்த மெஷினைக் கொண்டுவந்தீர்கள். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்ளாமல், மூக்கு வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் மெஷின். தையல் மெஷினின் தலையளவு கனம். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கில் மாட்டிக்கொள்ள ரப்பர் மூடி. சென்னையில் கஸ்டம்ஸ்காரர் இது என்னவென்று கேட்டாராம். “மூச்சு கொண்டாந்திருக்கேன் சார், எங்க தம்பி பொண்டாட்டிக்குன்னேன்” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உங்கள் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டிருந்த மூடி. சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவியும் அதில் ஒரு கொலோன் வாசனை இருந்தது. இறந்துபோன ஒரு ஆண்பிள்ளையின் முகத்தில் இருந்ததை என் முகத்தில் எப்படி வைப்பது? நான் தயங்குவதைப் பார்த்தீர்கள். பெட்டிக்குள் இருந்து பிரிக்காத புது மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். பழையதை உங்கள் முந்தானையில் துடைத்து, உங்கள் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டீர்கள். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அப்படியொரு மெஷினை அன்றுதான் நேரில் பார்க்கிறார். படுக்க வைத்துச் சோதித்து, காற்றின் அளவைச் சரிபார்த்து, போட்டுக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு வந்து முதல்முறை மாட்டிக்கொண்டு தூங்கி விழித்தபோது தினமும் காலையில் வரும் தலைவலி எனக்கு இல்லை. ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. மற்றவர்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் விடிகிறதா என்று நினைத்து அழுதேன்.

நம் தெருக் கரண்டு உங்களுக்குத் தெரியும். ஏறும், இறங்கும். நீங்கள் இங்கே இருக்கும்போதே ஒரு நாள் மெஷின் முனகியது, புகைந்தது, நின்றுவிட்டது. அன்று நீங்கள் வில்லியனூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மெஷினையும் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாம்மா இது? எதுக்கு?”

பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் வகுப்புப் பெண்ணின் அப்பா. பொம்பளை, அதிலும் டீச்சர், குறட்டைக்கு மெஷின் வைத்திருக்கிறாள் என்று அவர் காதுபட எப்படிச் சொல்வது?

“தூசி உறிஞ்சுற மெஷின். பிரான்சிலருந்து வந்தது” என்றேன்.

ரிப்பேர் ஆகிற வரை பழைய தூக்கம் திரும்பி வந்தது. மறுபடியும் நின்றுகொண்டே பாடம். மெஷினை வாங்கப் போனபோது கடைக்காரர் மலர்ந்த முகத்தோடு எழுந்து வந்தார்.

“புதுசா காயில் கட்டிட்டேம்மா. ஆனா ஒண்ணு, இது உறிஞ்சாம ஊதிக்கிட்டு இருந்துச்சி. யாரோ தப்பா மாட்டியிருக்காங்க. காத்து உள்ள போற பக்கம் குழாய மாத்தி வச்சிட்டேன். இப்போ பாருங்க!”

சுவிட்சைப் போட்டுக் குழாயைத் தரையில் வைத்தார். தாமிரக் கம்பித் துணுக்கு, பீடித் துண்டு, தலைமயிர் எல்லாம் சர்ரென்று உள்ளே போயின. கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். நான் மூச்சு விட வேண்டிய குழாய் அது. வாயைத் திறந்தேன். “நல்லா இழுக்குது” என்றுதான் வந்தது.

வீட்டில் நீங்கள் குழாயைக் கன்னத்தருகே வைத்துப் பார்த்தீர்கள். “என்னாடி இது, தோல புடிச்சி இழுக்குது?” கடையில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவீர்கள் அல்லது சிரிப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். “வா” என்றீர்கள்.

கடையில் அன்று இன்னும் கூட்டம். நீங்கள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

“இது தூசி மெஷின் இல்லங்க. இவ தூங்கும்போது மூச்சு நின்னுபோவுது. அதுக்குக் காத்து ஊதுற மெஷின். முன்ன இருந்த மாதிரியே மாத்திக் குடுங்க. உள்ள ஒரு பொட்டு தூசி இருக்கக் கூடாது. இந்தக் குழாய் வேணாம், வேற குழாய் எங்ககிட்ட இருக்குது.”

“குறட்டைக்கு மெஷினா?” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சிரித்தார்.

“ஆமாங்க. குறட்டைக்குத்தான்” என்றீர்கள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. “ஏன் டீச்சரம்மா, மூச்சு வுடுற சாமான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அதப் போயி குப்பையில வச்சிட்டனே.” அவர் அங்கேயே பிரித்துப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தார். முடிகிற வரைக்கும் நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் உங்களிடம் சீறினேன். “அத்தன பேர் முன்னாடி சொல்லணுமா அண்ணி? நாளைக்கு ஸ்கூல் பூரா தெரிஞ்சிடும்.”

மெஷின் உங்கள் மடியில் இருந்தது.

“எங்க வூட்டுக்காரரு கூடப் பட்டாளத்துல இருந்தவரு ஒருத்தரு வூட்டுக்குப் போயி ரெண்டு நாள் தங்கினாரு. அங்க போயி மூஞ்சில இத மாட்டிக்கிட்டுப் படுத்தா கேலி பண்ணுவாங்கன்னு, வூட்லயே வச்சிட்டுப் போனாரு. நானும் பரவால்லன்னு சொன்னேன். தூக்கத்துலயே போயிட்டாரு. இதனாலயான்னு டாக்டருங்க உறுதியா சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்.”

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: “வெக்கப்படு. யாரு வேணாங்கறா? ஆனா மாட்டிக்கிட்டு வெக்கப்படு.”

நான் பயந்ததுபோலவே பள்ளிக்கூடம் பூராவும் தெரிந்தது. கொஞ்ச நாள் சிரித்தார்கள். அப்புறம் பொதுத் தேர்வு வந்தது, மறந்துபோனார்கள். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம், மெஷின் மேலும் சில வருஷம் ஓடியது. நீங்கள் பிரான்சுக்குத் திரும்பினீர்கள். எண்பதுகள் முடிவதற்குள் அங்கே இறந்தும் போனீர்கள். உங்களைக் கடைசியாகப் பார்க்க எங்களால் வர முடியவில்லை. டிரங்க் காலில் சேதி கேட்டு உங்கள் தம்பி கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

இப்போது நான் வைத்திருப்பது வேறு மெஷின், சின்னது. வெட்கம் மட்டும் சின்னதாகவில்லை, அண்ணி. நம் மகளைக் கடலூரில் கொடுத்தோம். சம்பந்தி வீட்டில் முதல்முறை தங்கப் போன அன்று, “ஒரு நாளைக்குத்தானே, இது இல்லாம சமாளிச்சிக்கிறேனே” என்று நானே உங்கள் தம்பியிடம் கேட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பார்க்கிறேன், மெஷின் பை அவர் தோளில் இருந்தது. சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து, “பையில என்னாங்க, இவ்ளோ கனமா?” என்று கேட்டார்.

உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. சுட்டபடியே சொன்னேன்: “குறட்டைக்கு மெஷினுங்க.”