"செல்வம் இருக்காரா?" என்று கேட்கிறார்கள்

என் கடைக்குட்டித் தம்பி செல்வத்துக்கு,

உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு நிமிடம் உட்கார்ந்து கேட்க நேரம் இருந்ததில்லை. இப்போதாவது இருக்கும் என்று எழுதுகிறேன். போன மாதம் உனக்கு முதல் தெவசம் கொடுத்தோம். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். உன் பிரவுசிங் சென்டரை, உன்னோடு அங்கே வேலை பார்த்த பாஷா நடத்துகிறான்.

நீயும் அவனும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒரே கேள்வியை இன்டர்நெட்டில் தேடித் தரும் இரண்டு கம்பெனிகளிடம் கேட்டுப் பந்தயம் கட்டுவீர்களே, அது நினைவுக்கு வருகிறது. தோற்றவன் டீ வாங்க வேண்டும். "அக்கா, பழய கம்பெனிக்காரன் ஊரையே அலமாரியில அடுக்கி வெச்சிட்டு நீயே பொறுக்கிக்கோன்றான். புதுசா வந்தவன் நீ வாயத் தொறக்கறதுக்குள்ள எடுத்து நீட்றான். அவன்தான் ஜெயிப்பான், பாரு," என்பாய். பாஷா விட மாட்டான். "இல்லண்ணே, பழயவங்கிட்ட துட்டு இருக்குதுண்ணே. நாளைக்கே புதுசை வெலைக்கு வாங்கிப் போட்ருவான்."

நீ சொன்னதுதான் நடக்கிறது, செல்வம். புதியவன்தான் முந்திக்கொண்டு போகிறான். பழையவனும் அலமாரியை ஓரம் கட்டிவிட்டுச் சொந்தமாகத் தேட ஆரம்பித்துவிட்டான். மூன்றாவதாக இன்னொரு பெரிய கம்பெனியும் களத்தில் இறங்கியிருக்கிறது. "எங்களிடம்தான் அதிகப் பக்கங்கள்" என்று ஆளாளுக்கு மார்தட்டுகிறார்கள். நம் ஊரில் டியூஷன் சென்டர்காரர்கள் ஒரே பிள்ளையின் போட்டோவைப் போட்டு, முதல் மார்க் எங்களுடையது என்று எதிரெதிரே போர்டு வைப்பதுபோலத்தான்.

அந்தப் பக்கங்களில் ஒன்று உன்னுடையது. நம் உப்பளத்துச் சரக்கை விற்க நீ போட்ட பக்கம். கறுப்புக் கண்ணாடி போட்டு, உப்புக் குவியல் முன்னால் நின்று சிரிக்கிறாய். கீழே நம் வீட்டு போன் நம்பர். மரக்காணம் உப்பு என்று யார் தேடினாலும் புதியவன் முதலில் உன்னைத்தான் காட்டினான். எத்தனை பேருக்கு அன்று டீ வாங்கிக் கொடுத்தாய்!

மழையில் ஈ.சி.ஆர். ரோட்டில் உன் பைக் சறுக்கியது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நான் டீச்சர் அல்லவா, பள்ளிக்கூட உதாரணம் சொல்கிறேன். வேறு பள்ளிக்கு மாறிப்போன பிள்ளையின் பெயரை யாராவது அடிக்கும் வரை வருகைப் பதிவேட்டில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். தினம் காலையில் வாத்தியார் கூப்பிடுவார். பதில் வராது. அவர் மறுநாளும் கூப்பிடுவார்.

அப்படித்தான் போன் வந்தது. "செல்வம் இருக்காரா?" ஓசூரிலிருந்து ஒருவர், கேரளாவிலிருந்து ஒருவர், கருவாட்டுக்கு உப்பு கேட்டு ஒருவர். உப்புப் பாத்தியெல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த கார்த்திகையிலும் வந்தது. மணி அடித்ததும் அம்மா எழுந்திருப்பதற்குள் நான் ஓடுவேன். ஒருமுறை ஒருவர், "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சிரிக்கிறாரே, அவருதானேம்மா? இதோ என் முன்னாடிதான் இருக்காரு," என்றார். என்னிடம் பேசியபடி அவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய், செல்வம்? அவர் ஊரிலா? போன் கம்பிக்குள்ளா?

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சாவுச் சேதியைச் செத்தவர் வீட்டார் தங்கள் வாயால் சொல்வதில்லை. பங்காளி ஒருவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். உன் சேதியையும் பங்காளிகள்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஆனால் போனில் கேட்கிறவருக்கு எந்தப் பங்காளியை அனுப்புவது? "அவன் இப்போ இந்தத் தொழில் செய்யறதில்லீங்க," என்று சொல்லி வைத்துவிடுவேன். அம்மா உள்ளே முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். அரிசி புடைக்கும் சத்தம் நின்றிருக்கும்.

அவளுக்காகத்தான் அந்தப் பக்கத்தை எடுத்துவிட நினைத்தேன். பாஷா கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தான். பக்கத்துக்குச் சொந்தக்காரர்தான் எடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. உன் பாஸ்வேர்டு உன்னோடு போய்விட்டதே.

பிறகு, போன ஆடி வாக்கில், திடீரென்று போன் நின்றது. பாஷா தேடிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "போட்டியில புதுக் கம்பெனிக்காரன் வரிசைய மாத்திட்டான் டீச்சர். நம்ம செல்வம் அண்ணன் எங்கயோ கடைசிப் பக்கத்துல கெடக்குறாரு. அவனுங்க ஓட்டப் பந்தயத்துல இவர மிதிச்சிட்டானுங்க."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

வீட்டில் அம்மா நாற்காலியை இழுத்து போன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அங்கேயே சாப்பிட்டாள். நடுவில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்: "இப்பல்லாம் அவன யாரும் தேடறதில்லயாடி?"

நான் போன் வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவளே, "போன் ரிப்பேரா இருக்கும். நீ வெளிய போயி ஒரு போன் போட்டுப் பாரு," என்றாள். அவள் மனசுக்காகப் போனேன்.

பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து நம் நம்பரைச் சுழற்றினேன். ஒரே மணியில் எடுத்தாள். நான்தான் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்தாள்.

"செல்வத்தத் தேடுறீங்களா? அவன் செத்துட்டானுங்க. போன மழையில, பைக்குல. நான் அவன் அம்மா பேசறேன்."

அவள் குரல் எங்கும் தடுக்கவில்லை. எத்தனை நாளாக இதைத் தனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாளோ. பங்காளி சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். இத்தனை மாதமாக நான் ஓடி ஓடி அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அந்த வார்த்தையைத்தான் என்று, பூத்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

"ஹலோ? கேக்குதுங்களா?" என்றாள். நான் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டிருக்க வேண்டும். "அட, அழாதீங்க. யாரு பெத்த புள்ளயோ நீங்க. உப்பு வேணும்னா சொல்லுங்க, குடுக்க ஆளு இருக்குது. அவன் போட்டாவ இன்னும் காட்டறாங்களா? நல்லா இருக்கானா அதுல?"

"நல்லா இருக்காருங்க," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். "போன் நல்லாத்தான் இருக்குது. யாரோ ஒரு பொம்பள பேசுச்சு. அவனுக்கு ரொம்ப வேண்டியவ போலருக்கு, பாவம்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். தெரிந்துதான் சொன்னாளா, செல்வம்? நான் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

பாஷா இப்போது புதிதாக ஒரு பக்கம் போடுகிறான். அதில் அதே போட்டோ, அதே நம்பர். நீ இல்லை என்பதையும், உன் அம்மா பேசுவாள் என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்த ஓட்டத்தில் பழையவன் ஜெயிக்கட்டும், புதியவன் ஜெயிக்கட்டும், யார் ஜெயித்தாலும் உன்னைத் தேடுகிறவருக்கு நீ கிடைக்க வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி மணி அடித்தால் நான் ஓட மாட்டேன். அம்மா இப்போது நாற்காலியை விட்டுவிட்டு மறுபடி உள்ளே முறத்தோடு உட்கார்கிறாள்; முட்டிவலி, எழுந்து வர நேரம் ஆகும். அதுவரை அடிக்கட்டும்.

அம்மாவின் பக்கத்திலேயே இருக்கும்,
உன் பெரியக்கா