‘சொல்லுதான்’ பிழையல்ல

மக்ரூன் டப்பாவை இன்று காலைதான் திறந்தேன். நீ போனபிறகு இதுதான் முதல் தடவை. மக்ரூன் தீர்ந்து எவ்வளவோ நாளாகியும் முந்திரி வாசனை போகவில்லை. உள்ளே நீ வைத்துவிட்டுப் போன சிவப்புப் பேனா கிடந்தது. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன். எழுதியது. உன்னைப் போலவே பிடிவாதம் பிடித்த பேனா.

திறக்கவைத்தது உன் பதிப்பகம்தான். உன் நாவலை மறுபடி அச்சிடுகிறார்களாம். திருத்திய பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நான் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். அப்படித்தானே நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். நேராக ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போனேன். மறுபடியும் அதே வேலையைச் செய்திருந்தார்கள்.

துறைமுகத்துப் பக்கம், கப்பல் சரக்குப் பெட்டிகளுக்குச் சுங்கத்தில் பில் போட்டுத் தரும் நம் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், என் பக்கத்து மேசையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில் நீ எழுதிய கதை அது. வீணாய்ப்போன படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவாய். நான் கணினியில் அடித்துத் தருவேன். கடலோரச் சிற்றூர். திருவிழாவுக்கு முந்தின நாள் மாதா சிலையின் முத்துமாலை காணாமல் போகிறது. பேக்கரி நடத்தும் ஒரு பெண் துப்புத் துலக்குகிறாள்.

“கொலை எங்க இருக்குளா?” என்று கேட்டேன்.

“இத்தனூண்டு ஊருல யாரைக் கொல்ல? கொன்னா நாமதான அந்த வீட்டுல போய் உக்காந்து அழணும்? நான் ஒருத்தரையும் கொல்லமாட்டேன்” என்றாய். கொலை இல்லாத துப்பறியும் கதையா என்று இளக்காரமாகக் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

கதையின் முடிச்சு ஐந்தாம் அத்தியாயத்தில், ஒரே ஒரு சொல்லில் இருந்தது. சென்னையிலிருந்து முதல் தடவையாக வந்திருப்பதாகச் சொல்லும் ஒரு மனிதன், பேக்கரியில் நின்று போனில் பேசும்போது, தன்னை மறந்து, “டிரைவர் வரமுடியாதுன்னு சொல்லுதான்” என்றுவிடுகிறான். சென்னைக்காரன் என்றால் ‘சொல்றான்’ என்றல்லவா வரவேண்டும்? பேக்கரிக்காரி பன்னைப் பொட்டலம் கட்டிக்கொண்டே அதைக் காதில் வாங்கிக்கொள்கிறாள். இவன் நம் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், கோயிலின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவன் என்று பிடித்துவிடுகிறாள்.

புத்தகம் வந்தது. பிழை திருத்திய புண்ணியவான் அதைப் பிழை என்று நினைத்து ‘சொல்றான்’ என்று மாற்றியிருந்தார். அங்கே மட்டுமா? கடைசி அத்தியாயத்திலும்! உன் பேக்கரிக்காரி கள்ளனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, “சென்னைக்காரன் எவனும் ‘சொல்றான்’னு சொல்லமாட்டாம்ல!” என்று முழங்கினாள். அவளுக்குக் காது மந்தமா என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அழவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் சிவப்புப் பேனா வாங்கினாய்.

“பில்லுல ஒரு எழுத்து மாறினா பெட்டி கேட்டைத் தாண்டாது. என் கதையில மட்டும் மாறலாமா?”

அதன்பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி என்று கடைகடையாக ஏறினோம். ஒவ்வொரு பிரதியிலும் இரண்டு இடம். நீ அடிப்பாய், நான் பக்கம் பிடித்துக் கொடுப்பேன். திருச்செந்தூரில் கடைக்காரர் பதறிவிட்டார்.

“என்ன தாயி, விக்கப்போற புஸ்தகத்துல கிறுக்குதிய?”

“கிறுக்கல அண்ணாச்சி. கள்ளனைப் பிடிக்கேன்.”

அவர் ஒரு பிரதியைத் தானே வாங்கிக்கொண்டார். அன்று பஸ்ஸில் ஊர் வரும்வரை நீ சிரித்துக்கொண்டே வந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இந்த டப்பாவை என் கையில் திணித்தபோதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். “திருத்த விடாதளா.”

இன்று பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். திருத்தியது அவள்தானாம். சுத்தமான சென்னைப் பேச்சு.

“எல்லா ஊர்க்காரங்களுக்கும் புரியணும் இல்லையா, மேடம்? ஒரு வார்த்தைதானே.”

“அந்த ஒரு வார்த்தைதான் கதை. அதை மாத்தணும்னா அச்சடிக்கவே வேண்டாம்.”

“அப்போ புக்கே வராமப் போயிடும் மேடம். யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், பயந்துதான் போனேன். நீ எழுதியது இந்த ஒரு புத்தகம். கடைகளில் இப்போது ஒரு பிரதிகூட இல்லை. இதையும் விட்டால் உன் பெயர் எங்கே இருக்கும்? ஆனாலும் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்: “வரவேண்டாம்.”

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம். பிறகு அவசரமாக, “ஒரு நிமிஷம் மேடம், உள்ள கூப்பிடுதாங்க” என்றாள்.

கூப்பிடுதாங்க! நான் அசையவில்லை. பன்னைப் பொட்டலம் கட்டுகிறவளைப் போல நிதானமாகக் காத்திருந்தேன். திரும்பி வந்தாள்.

“எந்த ஊருளா உனக்கு?”

“ஆத்தூர், அக்கா. திருச்செந்தூர் பக்கம்.”

“கள்ளன் எப்படி மாட்டினான்னு இப்பத் தெரியுதா?”

அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. “அவங்க எழுதினபடியே போட்டுருதேன், அக்கா. ரெண்டு எடத்துலயும். சார்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

நல்ல பிள்ளைதான். இருந்தாலும் பேனாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். புத்தகம் கைக்கு வரட்டும், ஐந்தாம் அத்தியாயத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் அலுவலகத்தில் ஒரு படிவத்தில் எழுத்து மாறியிருந்தது. “ஒரு எழுத்து மாறினா பெட்டி கேட்டைத் தாண்டாதுன்னு அவ சொல்லுதாள்லா” என்று உன் மேசையைக் காட்டினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “‘சொல்லுதா’ இல்லம்மா, ‘சொன்னா’ன்னு சொல்லுங்க” என்றார், பாவம், மெதுவாகத்தான்.

நான் திருத்தவிடவில்லை.