வால் வருதா?

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

மழை பிடித்துக்கொண்டது. எது பாத்தி, எது வரப்பு என்று தெரியாமல் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். இனிமேல் தை பிறக்கிற வரைக்கும் யாருக்கும் வேலையில்லை. நீ இருந்திருந்தால் இந்நேரம் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, துருவைச் சுரண்டிக்கொண்டே எங்களை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருப்பாய்.

உன் தங்கச்சி கலா சௌக்கியம். வாய் மட்டும் குறையவில்லை, உன் ரத்தம் அல்லவா? நேற்று அவள் சொன்ன ஒரு விஷயத்தால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரெண்டாயிரத்து நாலு ஐப்பசி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "வேலையில்லாத நாள்ல வூட்ல குந்திக்கினு இருந்தா பொண்டாட்டிகூட சண்டைதான் வரும். கடலோரமாவே வேதாரண்யம் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வரலாம், வாங்கடா" என்று நீதான் கிளப்பிவிட்டாய். நீ, நான், கூனிமேட்டு பாஷா, நம் பக்கத்துப் பாத்தி சேகர். நாலு பேரும் உப்புத் தின்று துருப்பிடித்த நாலு சைக்கிளில் மரக்காணத்திலிருந்து கிளம்பினோம்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போனவன் அங்கே போயும் பார்த்தது என்ன? உப்பளம்! கீற்று போட்டு மூடியிருந்த குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நம்ம உப்பு மாதிரி வராதுடா" என்றாய். காவல்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அவ்வளவு சிரித்தது அதுதான் கடைசி.

வரப்பில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் நாம். வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். திரும்பிப் பார்த்தவன் சைக்கிளோடு உப்புத் தண்ணீரில் கிடப்பான். அதனால்தான் முன்னால் போகிறவன் அடிக்கடி "வால் வருதா?" என்று கத்துவான். கடைசியில் வருகிறவன் "வருது!" என்று பதில் கொடுப்பான். அந்தப் பழக்கத்தை நாம் அவ்வளவு அகலமான கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடவில்லை. லாரிக்காரர்களே நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். வேதாரண்யம் வரைக்கும் நீதான் வால். உன் முன்னால் நான். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நீ "வருது"ன்னு சொன்னாயே.

அடுத்த மாசி வருவதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. அலை வந்து போனது. பாத்தியில் ஏறிய சேற்றை வாரிக் கொட்டிவிட்டு எல்லாரும் மறுபடி பாத்தித் தரையை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தோம். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை. குப்பம் குப்பமாக அலையில் போனவர்களுக்கு ஊரே அழுதுகொண்டிருந்த நேரம் அது, மச்சான். உனக்காகத் தனியாக அழக்கூட எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

போன வருஷ மழைக்கு யாருமே பேச்செடுக்கவில்லை. இந்த வருஷம் பாஷாதான் வீடு தேடி வந்தான். "எத்தினி நாளைக்குடா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சினு இருப்பே? கெளம்பு" என்றான். கிளம்பினோம். முன்னால் பாஷா, நடுவில் சேகர், பின்னால் நான்.

பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது பாஷா கத்தினான், "வால் வருதா?" நானும் பதிலுக்குக் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன், மச்சான். சேகர் திரும்பாமலே, "டேய் தணிகா, உன்னத்தான்டா!" என்று கத்தின பிறகுதான் உறைத்தது. "வருது" என்றேன்.

கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தில் மழை முகத்தில் அடித்தது. எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கி, பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்போது முன்னாலிருந்து குரல் வந்தது, வால் வருதா என்று. ஒரு காலைக்கூட எடுத்து வைக்காமல் நின்ற இடத்திலிருந்தே "வருது!" என்று கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான். என்னால் அவர்கள் நிற்க வேண்டாமே என்றுதான். அவர்கள் மிதித்துக்கொண்டே போனார்கள். மழைக்குள் முதலில் பாஷா மறைந்தான், அப்புறம் சேகர். கீழே ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடியது. அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

அக்கரை டீக்கடையில் நான் போய்ச் சேர்ந்தபோது சேகர், "என்னடா, பின்னாடியேதானே வந்தே?" என்று கேட்டான். "ஆமாம்பா" என்றேன்.

வேதாரண்யம் போனோம், வந்தோம். யாரும் உப்பை எடுத்து வாயில் போடவில்லை.

நேற்று கலா அடுப்பங்கரையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க அண்ணன் அவ்ளோ தூரமும் கடைசில வந்து எங்களைக் காவல் காத்தான். இனிமே அந்த எடம் என்னுது. நான்தான் கடைசில வருவேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"காவலா? முடியாமதாங்க அவரு கடைசில வந்தாரு. நெஞ்சுல கோளாறு, சைக்கிளையே தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஏத்தம் வந்தா எறங்கித் தள்ளிக்கினே வந்தாராம். முன்னாடி போனா உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடுமாம். என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டாருங்க."

"சத்தியம் பண்ணிட்டு இப்ப ஏன்டி சொல்றே?"

"நீங்களும் கடைசில வர்றேன்னு சொல்றீங்களே, அதான்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அட பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் உனக்கு? பஸ் மேல் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்க மாட்டோமா? அப்படி என்ன வீம்பு? சில நேரம் உன் குரல் தூரத்திலிருந்து கேட்டது. காற்றடிக்கிறது, அதனால் என்று நினைத்துக்கொண்டேன். அதே கொள்ளிடம் பாலத்தில் நீயும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாயா? நாங்கள் மறைகிறதைப் பார்த்தாயா? என் முதுகு உன் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்தது எந்த இடத்தில்?

ராத்திரி முழுக்க உன்னைத் திட்டிவிட்டேன். இப்போது கோபம் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அடுத்த மழைக்கும் போவோம். கடைசி இடம் எனக்கு வேண்டாம், நான் முன்னால் போகிறேன் என்று பாஷாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். இனிமேல் பின்னாலிருந்து எவன் "வருது"ன்னு கத்தினாலும் நான் நம்ப மாட்டேன். இறங்கி, திரும்பி, அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் மிதிப்பேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உனக்கு முன்னால் போன மச்சான்,
தணிகாசலம்