ஓரின் சொன்ன 'ஆச்சு'

ஏப்ரல் 26

ஏரியில் பனி உடைந்துவிட்டது. ஏரிக்கரை டிரெய்லர் முகாமை இன்று திறந்தார்கள். கோடையில் நாங்கள் தங்கும் டிரெய்லருக்குள் எலிப் புழுக்கை, மெத்தையில் பூஞ்சை நாற்றம். தண்ணீர் இணைப்பைக் கொடுத்துவிட்டு சிங்க் குழாயைத் திறந்தேன். சற்று நேரத்தில் கால் நனைந்தது. கீழே அலமாரிக்குள் குனிந்து பார்த்தால், ட்ராப் - தண்ணீர் தேங்கி நிற்கும் அந்த வளைந்த பிளாஸ்டிக் குழாய் - நீளவாக்கில் பிளந்திருக்கிறது. உள்ளே நின்ற தண்ணீர் குளிரில் உறைந்து வெடித்திருக்கிறது.

அப்படியென்றால் ஓரின் அந்த ரோஸ் திரவத்தை ஊற்றவே இல்லை.

ஏப்ரல் 27

மின்னசோட்டாவில் டிரெய்லர் வைத்திருக்கிற எவரும் தன் பெயரை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். அக்டோபரில் தண்ணீரை வடித்துவிட்டு, ஒவ்வொரு வடிகாலிலும் உறையாத அந்த ரோஸ் திரவத்தை ஊற்றி மூட வேண்டும். நாற்பத்தோரு வருடம் அது ஓரினுடைய வேலை.

என் புருஷனிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: ஆச்சு. கடிதத்தைத் தபாலில் போட்டாயிற்றா? ஆச்சு. கடிதம் கோட்டுப் பையிலேயே இருக்கும். கூரை ஓட்டையை அடைத்தாயிற்றா? ஆச்சு. நான் வாளி வைப்பேன்.

நவம்பர் கடைசியில், அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வெளியே பனி கொட்டுவதைப் பார்த்து, ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன், சிங்க்குக்கு ரோஸ் ஊற்றினீர்களா என்று.

"ஆச்சு."

"உங்க ஆச்சு எனக்குத் தெரியாதா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். ஐந்து மாதமாக அது என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: நேற்று அந்தப் பிளவைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நான் சொன்னது சரியாகத்தானே போயிற்று?

ஏப்ரல் 28

நிம்மதி ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கடைசி வார்த்தையும் பொய்யா? ஏன் மனுஷா, சாகப்போற நேரத்துலயாவது ஊத்தலைன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?

ஏப்ரல் 30

பழைய ட்ராப்பைக் கழற்றி வாளியில் போட்டேன். அலமாரிக்குள் என் தோள் நுழையவில்லை. ஒரு கையை மட்டும் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு திருக வேண்டியிருந்தது. கடையில் புதிது வாங்கி வந்தேன். வீட்டுச் சமையலறை அளவு. டிரெய்லர் குழாய் ஒல்லி. பொருந்தவில்லை.

டிரெய்லரை விற்றுவிடலாம். யாருக்காக இதெல்லாம்?

மே 2

சரியான அளவு கிடைத்தது. வாஷரைப் போட்டு நட்டை மாட்டினேன். ஒழுகுமோ என்ற பயத்தில் குறடால் இன்னும் ஒரு சுற்று. டப் என்று சத்தம். நட்டு இரண்டாகிவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பிளாஸ்டிக் நட்டுக்காக அறுபத்தாறு வயதுப் பொம்பளை அழுகிற அழுகையா அது?

மே 3

பக்கத்து டிரெய்லர் லைல் வந்தார். வருஷம் பூராவும் முகாமிலேயே கிடப்பவர். உடைந்த நட்டைப் பார்த்து, "இதென்ன லாரிச் சக்கரமா மார்லிஸ்? கையால இறுக்கினா போதும்" என்றார். சிரிக்க முடியவில்லை. குளிருக்கு முன்னால் ஓரின் ரோஸ் ஊற்றாததால் வந்த வினை என்றேன்.

லைல் வாளியிலிருந்த பழைய ட்ராப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். நட்டைக் கழற்றி அதன் மரையைக் காட்டினார். உள்ளே ரோஸ் நிறத்தில் பொருக்காகக் காய்ந்திருந்தது.

"ஓரின் ஊத்தியிருக்கான். அதுக்கப்புறம் யாரோ தண்ணி விட்டிருக்காங்க. தண்ணி வந்தா ரோஸைத் தள்ளிட்டு அது போய் வளைவுல நின்னுக்கும். குளிர் காலத்துல யாராவது உள்ள வந்தாங்களா?"

யாரும் வரவில்லை என்றேன்.

மே 4

பொய் சொன்னது நான். தெரிந்து சொல்லவில்லை. இதே நோட்டைப் பின்னால் புரட்டினேன். டிசம்பர் 2, என் கையெழுத்து: "அடக்கத்துக்கு அவருடைய நீலக் கோட்டு வேண்டுமென்று டிரெய்லருக்குப் போனேன். சிங்க்கில் அவர் காப்பிக் கோப்பை. அடியில் காப்பி கல்லாக உறைந்திருந்தது. அப்படியே விட்டுவர மனசு வரவில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்த வெந்நீரை முழுவதும் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தேன்."

அவர் ஊற்றியதை நான் கழுவி விட்டிருக்கிறேன்.

மே 5

நாற்பத்தோரு வருடத்தில் நான் கேட்டு, நிஜமாகவே ஆகியிருந்த ஒரே ஆச்சு. அதைத்தான் நான் நம்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியபோது என்ன நினைத்திருப்பார்? கேட்க ஆளில்லை. மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை.

மே 6

சாப்பிடவில்லை.

மே 9

புது நட்டு. கையால் மட்டும் இறுக்கினேன். கீழே செய்தித்தாள் விரித்துவிட்டு, அவர் கோப்பையைக் கழுவினேன். தாள் நனையவில்லை. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. விற்பதைப் பற்றி லைலிடம் பேசப் போனவள், பேசாமல் திரும்பி வந்தேன்.

அக்டோபர் 12

முகாமை மூடுகிறார்கள். தண்ணீரை வடித்தேன். அவர் கோப்பையை முதலிலேயே கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பிறகு சிங்க்கிலும் குளியலறையிலும் ரோஸ் ஊற்றினேன். தரையில் கொஞ்சம் சிந்தியதைத் துடைத்தேன்.

லைல் வாசலிலிருந்து ரோஸ் ஊற்றியாயிற்றா என்று கேட்டார்.

"ஆச்சு" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டுப் போனார். வேறெதுவும் கேட்கவில்லை.